ஸ்லீப் அப்னியாவுக்கு அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 42. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியா இருக்கிறது. தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. (மணிக்கு எத்தனை மூச்சுத்தடைகள் என்ற எண்) 40 என்று வந்திருக்கிறது, பி.எம்.ஐ. (உயரத்துக்கான எடைக் குறியீடு) 29. முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை நான்கு மாதங்களாகப் பயன்படுத்துகிறீர்கள், ஆனால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் முகமூடி முகத்தில் தங்குவதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, டான்சிலை எடுத்து அண்ணத்தையும் சரிசெய்தால் குணமாகிவிடும் என்கிறார். அறுவை செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எழுதாமல் விட்ட கேள்வி, வாழ்நாள் முழுவதும் இந்தக் கருவியோடுதான் படுக்க வேண்டுமா, ஒரே அறுவையில் அதிலிருந்து விடுபட முடியாதா என்பது. இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல. உங்களைப் போன்ற ஒருவர் அறுவையைப் பற்றி யோசிப்பது முற்றிலும் நியாயமானது. அதனால் நல்ல பலன் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதன்பின் கருவியே வேண்டியிருக்காது என்ற உறுதியை எந்த மருத்துவராலும் தர முடியாது. நான் தூக்க மருத்துவம் பார்ப்பவன், அறுவை செய்பவன் அல்ல. என் பேச்சு கருவியின் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். உங்கள் தொண்டையையோ பரிசோதனை அறிக்கையையோ நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழித்திருக்கும்போது தொண்டையைத் திறந்து வைத்திருப்பவை அதைச் சுற்றியுள்ள தசைகள். தூக்கத்தில் அவை தளரும்போது, இயல்பிலேயே குறுகலான பாதை மூடிக்கொள்கிறது. மூச்சுக்காற்று பத்து விநாடிகளுக்குக் குறையாமல் நின்றாலோ கணிசமாகக் குறைந்தாலோ அது ஒரு தடை. மணிக்கு எத்தனை தடைகள் என்பதே ஏ.எச்.ஐ. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மூடிக்கொள்ளும் இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு மென் அண்ணம், சிலருக்குத் தொண்டையின் பக்கச் சுவர்கள், சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி, சிலருக்குக் குரல்வளை மூடி. கடுமையான நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள். உடலமைப்பு மட்டுமே காரணமும் அல்ல. மூச்சுக்கான கட்டளையை மூளை எவ்வளவு சீராக அனுப்புகிறது, சிறு தடைக்கே விழித்துக்கொள்ளும் இயல்பு உண்டா, தூக்கத்தில் தொண்டைத் தசைகள் எவ்வளவு விரைந்து எதிர்வினை காட்டுகின்றன என்பவையும் சேர்ந்தே நோயின் கடுமையைத் தீர்மானிக்கின்றன. அறுவை சிகிச்சை மாற்றுவது உடலமைப்பை மட்டுமே. தொண்டை அகலமான பிறகும் சிலருக்கு எண் பெரிதாக இறங்காமல் போவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் மருத்துவரிடம் வெற்றி விகிதம் என்ன என்று கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அறுவை ஆய்வுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோலின்படி, ஏ.எச்.ஐ. பாதியாகவாவது குறைந்து 20-க்குக் கீழே வந்துவிட்டால் அது வெற்றி. உங்கள் 40 நாளை 19 ஆனால் அறுவை வென்றதாகக் கணக்கில் ஏறும். ஆனால் 19 என்பது நடுத்தர நோய், பலருக்குத் தொடர் சிகிச்சை தேவைப்படும் அளவு. குணம் என்று சொல்ல வேண்டுமானால் 5-க்குக் கீழே வர வேண்டும். அண்ண அறுவையால் அந்த இலக்கை எட்டுபவர்கள் குறைவு. மருத்துவர் உங்களிடம் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் வெற்றி என்று சொல்வதும் நீங்கள் வெற்றி என்று கேட்டுக்கொள்வதும் இரண்டு வெவ்வேறு எண்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

மென் அண்ணத்தின் ஒரு பகுதியையும் உள்நாக்கையும் டான்சில்களையும் அகற்றும் அறுவையை, இந்த நோய்க்கான சிகிச்சையாக ஃபுஜிடா என்ற மருத்துவர் 1981-இல் விவரித்தார். அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் சிபாப் முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு கடுமையான நோயாளிக்கு இருந்த ஒரே நம்பகமான வழி கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறப்பதுதான். நோயாளிகளைத் தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் அண்ண அறுவையைச் செய்த காலத்து முடிவுகளை 1996-இல் தொகுத்துப் பார்த்தபோது, மேலே சொன்ன தளர்வான அளவுகோலின்படியே கூட வெற்றி சுமார் 40 சதவீதம்தான். யாருக்குப் பலிக்கும் என்பதைப் பிரித்தறிய ஃப்ரீட்மன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 2002-இல் ஒரு எளிய வகைப்பாட்டை வெளியிட்டார். டான்சில் பெரிதாகவும், வாயைத் திறந்தால் நாக்குக்கு மேலே அண்ணம் நன்றாகத் தெரிவதாகவும் இருந்தவர்களிடம் வெற்றி ஏறத்தாழ 80 சதவீதம். டான்சில் சிறியதாகவும், நாக்கு எழும்பி அண்ணத்தை மறைப்பதாகவும் இருந்தவர்களிடம் சுமார் 8 சதவீதம். ஒரே அறுவை, பத்து மடங்கு வேறுபாடு. எனவே உங்கள் டான்சில் எந்த அளவு, நாக்கு எந்த நிலை என்பதை மருத்துவரிடம் குறிப்பாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் இல்லாமல் போன மிக முக்கியமான தகவல் இதுதான்.

இன்றைய முறைகள் பழையதைவிட மேம்பட்டவை. தசையை வெட்டி எறிவதற்குப் பதிலாக அதை இடம் மாற்றித் தைத்துப் பக்கச் சுவரை விரிக்கிறார்கள். கருவி ஒத்துவராத 102 பேரை ஆஸ்திரேலியாவில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. மேம்படுத்திய அண்ண அறுவையையும் நாக்கின் உட்பகுதியைச் சற்றுச் சுருக்கும் ரேடியோ அலைச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்ற குழுவில் ஏ.எச்.ஐ. சராசரி ஆறு மாதத்தில் 47.9-இலிருந்து 20.8 ஆகக் குறைந்தது. அறுவை இல்லாத மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 45.3-இலிருந்து 34.5. பகல் தூக்கமும் அறுவைக் குழுவில் தெளிவாகக் குறைந்தது. நல்ல ஆய்வு, நேர்மையான முடிவு. ஆனால் 20.8 என்பதைக் கவனியுங்கள்: பாதிக்கு மேல் குறைந்த பிறகும் சராசரி நோயாளி நடுத்தர நோயிலேயே இருக்கிறார்.

இதைப் படித்ததும் அறுவையால் பயனில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கருவி போட்டிருக்கும் நேரத்தில் உங்கள் ஏ.எச்.ஐ. 3 ஆக இறங்குகிறது என்று கொள்வோம். மூன்றரை மணி நேரம் 3, கழற்றிய பின் மூன்றரை மணி நேரம் 40. முழு இரவின் சராசரி 21-க்கும் 22-க்கும் இடையே. அறுவைக்குப் பின் 20 என்ற நிலை இரவு முழுவதும் நீடிக்கும். கழற்றி வைக்க அங்கே எதுவும் இல்லை. ஆக, பாதி இரவு போடும் முழுமையான கருவியும், முழு இரவும் வேலை செய்யும் பாதி அறுவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து விடுகின்றன. இதோடு இன்னொன்றும் உண்டு: கனவுகள் மிகுந்த தூக்க நிலை பின்னிரவில்தான் அதிகம், அந்த நிலையில்தான் பலருக்குத் தடைகள் மோசமாகின்றன, முன்னிரவில் மட்டும் போட்டுக் கழற்றுகிறவர்கள் மோசமான பாதியைத்தான் பாதுகாப்பின்றி விடுகிறார்கள். ஆனால் கணக்கின் மறுபக்கம், மூன்றரை மணி நேரத்தை ஆறு மணி நேரமாக உயர்த்த முடிந்தால் சராசரி 8 அளவுக்கு இறங்கிவிடும் என்பது. அறுவையால் அவ்வளவு தூரம் வருவது கடினம். எனவே முதலில் விடை காண வேண்டியது, அந்த நேரத்தைக் கூட்ட முடியுமா என்ற கேள்விக்குத்தான்.

கருவி எனக்கு ஒத்துவரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கருவியின் நினைவகத்தில் பதிவான தகவலைத்தான். எத்தனை மணிக்குக் கழற்றுகிறீர்கள், அதற்குச் சற்று முன்பு காற்றுக் கசிவு ஏறியதா, கருவி போட்டிருந்தபோதும் தடைகள் மிஞ்சினவா என்பதெல்லாம் அதில் இருக்கும். கசிவுதான் காரணம் என்றால் முகமூடியின் வகையையோ அளவையோ மாற்ற வேண்டும். வாய் திறந்துகொள்கிறது என்றால் முழு முகமூடியோ தாடைப் பட்டையோ உதவலாம். தொண்டை வறண்டு விழிக்கிறீர்கள் என்றால் சூடேற்றிய ஈரப்பதமூட்டி. மூக்கு அடைக்கிறது என்றால் முதலில் மூக்குக்குச் சிகிச்சை. காற்று முட்டுகிறது, மூச்சை வெளிவிட முடியவில்லை என்றால் அழுத்தத்தை மறுபடி அளந்து திருத்தலாம், வெளிமூச்சில் அழுத்தத்தைக் குறைக்கும் வசதியை இயக்கலாம், தானியங்கிக் கருவிக்கு மாறலாம். முகமூடியைப் போட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றால், பகலில் விழித்திருக்கும்போதே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு சிறிது சிறிதாகப் போட்டுப் பழகுவது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும் பலருக்குப் பலன் தருகிறது. இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை: தூக்கமின்மையும் சேர்ந்திருப்பது. நள்ளிரவில் விழித்து மறுபடி தூங்க முடியாமல் தவிப்பவர், பழியை முகமூடியின் மேல் போட்டுக் கழற்றிவிடுவார். அவருக்கு அண்ணத்தை அறுத்தாலும் அந்த விழிப்பு போகாது. தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சைதான் வேண்டும். நான்கு மாதங்களில் இவற்றில் எவையெல்லாம் முயன்று பார்க்கப்பட்டன என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே முகமூடியோடு நான்கு மாதம் போராடியிருந்தால், கருவி தோற்றுவிட்டது என்ற முடிவை நான் இன்னும் ஏற்கமாட்டேன். எல்லாவற்றையும் முறையாக முயன்ற பிறகும் முடியவில்லை என்றால் அது உண்மையான தோல்வி. அதில் நோயாளியின் குற்றம் எதுவும் இல்லை. அப்படிப்பட்டவரைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிக்கொண்டே இருப்பதும் சரியான மருத்துவம் அல்ல.

அறுவைதான் என்று முடிவானால், எந்த இடத்தில் என்பது அடுத்த கேள்வி. விழித்திருக்கும் ஒருவரின் வாயை வெளிச்சத்தில் பார்ப்பதால் டான்சிலின் அளவு தெரியும். தூங்கும்போது எது மூடுகிறது என்பது தெரியாது. அதற்காக, மருந்தால் தூக்கத்தைப் போன்ற நிலையை வரவழைத்து, மூக்கு வழியாகக் கேமரா கொண்ட மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பைச் செலுத்தித் தொண்டை மூடுவதை நேரடியாகப் பார்க்கிறார்கள். மருந்தால் வரும் தூக்கமும் இயற்கைத் தூக்கமும் ஒன்றல்ல. இந்தச் சோதனையைச் செய்ததால் அறுவையின் பலன் உறுதியாகக் கூடுகிறதா என்பதில் நிபுணர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும், நாக்கின் அடிப்பகுதியில் மூடுகிற ஒருவருக்கு அண்ணத்தை மட்டும் அறுத்துவிடும் தவற்றைத் தவிர்க்க அது உதவும் என்பதால், உங்கள் நிலையில் நான் இருந்தால் அதைக் கேட்டு வாங்குவேன். பரிசோதனை அறிக்கையில் மூளையின் கட்டளையே நின்று போகும் வகைத் தடைகள் எத்தனை என்பதையும் பாருங்கள். அவை மிகுதி என்றால் எந்தத் தொண்டை அறுவையும் உதவாது.

மற்ற அறுவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்கின் நடுச்சுவரை நேராக்குவதால் மட்டும் ஏ.எச்.ஐ. பெரும்பாலும் குறைவதில்லை, ஆனால் மூக்கடைப்பு உள்ளவருக்குக் கருவியைத் தாங்கும் சக்தி கூடுகிறது, தேவையான அழுத்தமும் குறையலாம். அந்த நோக்கத்துக்காக என்றால் அது நல்ல அறுவை. மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் அறுத்து முன்னே நகர்த்திப் பொருத்துவது, கழுத்துத் துளையை விட்டால் எல்லாவற்றிலும் வலிமையானது. 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் அதன் வெற்றி சுமார் 86 சதவீதம், 5-க்குக் கீழே இறங்கியவர்கள் சுமார் 43 சதவீதம். விலையும் அதற்கேற்பவே: பெரிய அறுவை, பல வாரத் தேறுதல், கீழ் உதட்டில் நீடிக்கக்கூடிய மரமரப்பு, பற்களின் பொருத்தத்திலும் முகத் தோற்றத்திலும் மாற்றம். கீழ்த் தாடை இயல்பிலேயே பின்வாங்கியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் சிறு கருவியை மார்பில் பதிப்பது இன்னொரு வழி. 2014-இல் வெளியான ஆய்வில் 126 பேருக்குப் பொருத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஏ.எச்.ஐ.-யின் இடைநிலை 29.3-இலிருந்து 9.0 ஆகியிருந்தது. ஆனால் அது பி.எம்.ஐ. 32-க்கு மேற்படாதவர்களை, அண்ணம் வட்டமாகச் சுருங்கி மூடாதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வு. இந்த வசதி எல்லா இடங்களிலும் கிடைப்பதுமில்லை. லேசர் கொண்டு அண்ணத்தைக் கருக்கும் சிகிச்சையை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். குறட்டைச் சத்தத்தைக் குறைத்தாலும், தழும்பு சுருங்கி நோயை மோசமாக்கவும் கூடும்.

உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் அறுவையின் பாடுகளையும் அறிந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு இதில் வலி கடுமையானது. பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை விழுங்குவதே வேதனை. முதல் நாளிலும், பிறகு ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையிலும் இரத்தக் கசிவு வரலாம். வாயிலிருந்து புது இரத்தம் வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்குத் தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு, வறட்சி, சுவை மாற்றம் ஆகியவை நீடிக்கின்றன. அண்ணத்தை அளவுக்கு மீறி வெட்டினால் குடிக்கும் நீர் மூக்கில் ஏறுவதும் குரல் மூக்கொலியாவதும் உண்டு, பின்னாளில் கருவி தேவைப்பட்டால் காற்று வாய்வழியே கசியும் சிக்கலும் வரலாம். மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் உங்கள் ஏ.எச்.ஐ.-யைத் தவறாமல் சொல்லுங்கள். மயக்கத்தின் மிச்சமும் வலுவான வலி மருந்துகளும் மூச்சுத்தடையைக் கூட்டும். அன்றிரவு ஆக்சிஜன் கண்காணிப்போடு மருத்துவமனையில் தங்குவதும், உங்கள் கருவியைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது.

எடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. 2000-இல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வின் கணிப்பின்படி, எடை பத்து சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும். பத்து சதவீதம் கூடினால் சுமார் 32 சதவீதம் கூடும். அறுவையால் கிடைத்த பலனை, பின்னர் ஏறும் எடை மெல்ல விழுங்கிவிடும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு, எடையைக் குறைக்கும் மருந்தான டிர்செபடைட் ஊசி ஏ.எச்.ஐ.-யைக் கணிசமாகக் குறைப்பதாக 2024-இல் முடிவுகள் வந்தன, பி.எம்.ஐ. 29 உள்ள நீங்கள் அந்த ஆய்வுகளின் வரம்பில் வரமாட்டீர்கள். கீழ்த் தாடையை முன்னிழுத்து வைக்கும் வாய்க்கருவியைக் கடுமையான நோய்க்கு முதல் தேர்வாகச் சொல்வதில்லை. ஆனால் சிபாப் முடியாதவருக்கு அறுவைக்கு முன்பாகவோ, அறுவைக்குப் பின் மிஞ்சும் நோய்க்காகவோ அது உதவும், கழற்றிவிடவும் முடியும். மல்லாந்து படுக்கும்போது மட்டுமே தடைகள் வருகின்றன என்று அறிக்கை சொன்னால், பக்கவாட்டில் படுக்கப் பழகுவதே எண்ணைப் பாதியாக்கலாம்.

மருத்துவத்துக்கே இன்னும் தெளிவாகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சிகிச்சை பகல் தூக்கத்தையும் சோர்வையும் குறைக்கும், இரத்த அழுத்தத்தை ஓரளவு இறக்கும் என்பவை உறுதியானவை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்குமா என்பது உறுதியாகவில்லை. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் சிபாப் அவற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதில் பங்கேற்றோர் இரவுக்குச் சராசரியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் போட்டிருந்தார்கள் என்பதால் அதுவும் இறுதித் தீர்ப்பல்ல. அறுவைக்கு அந்த அளவிலான ஆய்வு இல்லை. எனவே இதயத்தைக் காக்கிறோம் என்ற வாக்குறுதியின் பேரில் யாரும் அறுவைக்கு உங்களை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

நீங்கள் தந்த எண்களை வைத்துப் பார்த்தால், நான் இந்த வரிசையில் போவேன். கருவியின் தகவலை ஒரு தூக்க மருத்துவரிடம் காட்டி, மேலே சொன்ன திருத்தங்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கொடுப்பேன். நேரம் ஐந்து, ஆறு மணிக்கு உயர்ந்தால் அறுவையை ஒத்திவைப்பேன். உயரவில்லை என்றால், டான்சில் பெரிதாக இருந்து எண்டோஸ்கோப்பியிலும் அண்ணமும் பக்கச் சுவருமே மூடுவதாகத் தெரிந்தால், தயங்காமல் அறுவைக்குச் சம்மதிப்பேன். பகுதிப் பலனும் பலனே என்று ஏற்றுக்கொண்டு. டான்சில் சிறியது, நாக்குதான் அடைக்கிறது என்றால், அண்ண அறுவையை மறுத்துவிட்டு, வாய்க்கருவி, தாடை அறுவை, நரம்புத் தூண்டல் ஆகியவற்றைப் பற்றி வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்பேன். அறுவை செய்தால், மூன்று மாதங்களுக்குப் பிறகு தூக்கப் பரிசோதனையைக் கட்டாயம் மறுபடி செய்யுங்கள். குறட்டை நின்றதும் நோய் போய்விட்டது என்று வீட்டார் மகிழ்ந்துவிடுவார்கள். அதிரும் தசை போனதால் சத்தம் மட்டும் அடங்கி, தடைகள் அமைதியாகத் தொடர்வதும் உண்டு. அந்த முடிவு வரும் வரை கருவியைத் திருப்பிக் கொடுக்கவோ விற்கவோ வேண்டாம். முடிவு எதுவானாலும், பகலில் கண் சொக்குகிற நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள்.